பலகையில் இல்லாத மகள்

(டி.வி.சுந்தரம் ஐயங்கார் நினைவு நாளில் மதுரையில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள், டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் ஐயாவின் தொழிலைப் பற்றி விரிவாகவே சொல்லிவிட்டார்கள். 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர்; பிள்ளை வக்கீலாக வேண்டும் என்று அப்பா ஆசைப்பட, இவரோ ரயில்வே, வங்கி என்று உத்தியோகம் பார்த்து, அதையும் உதறிவிட்டு 1912-ல் பஸ் விட்டவர். அதற்குள் நான் மறுபடி போகவில்லை. ஒன்றே ஒன்று மட்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. கரி வாயுவில் பஸ்ஸை ஓட்டும் கருவியை ஐயா தாமே செய்து காட்டினார். விடியற்காலையிலேயே கிளீனர் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாயு வந்தால்தான் வண்டி நகரும். என் தாத்தா அதில் போனவர். "சட்டையெல்லாம் கரிதான், ஆனா பஸ் வந்துச்சுல்ல" என்பார்.

நான் பேச வந்தது வேறு. கம்பெனியின் பெயர்ப் பலகையில் இருந்தது 'டி.வி.சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்', அதாவது ஐயங்காரும் மகன்களும். மகன்களைத் தொழிலில் பழக்கி, அவர்கள் கையில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர். நம் மதுரைக் கடைவீதியில் பல அப்பாக்கள் செய்யத் தவறியது அது. ஆனால் அவருடைய பாசத்துக்கு வந்த பெரிய சோதனை, அந்தப் பலகையில் இல்லாத ஒரு மகளால் வந்தது.

சௌந்தரம் அம்மா 1904-ல் பிறந்தவர். சிறு வயதில் கல்யாணம். கணவர் டாக்டர், இளமையிலேயே இறந்துவிட்டார். அன்றைய வைதீகக் குடும்பத்தில் இளம் விதவையின் கதி என்ன என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களுக்குத் தெரியும். அடுக்களைக்குப் பின்னால் ஒரு மூலை, அவ்வளவுதான் உலகம். சுந்தரம் ஐயங்காரோ மகளைப் படிக்கச் சொன்னார். டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. 1936-ல் அந்த அம்மா டாக்டர் பட்டம் வாங்கினார்.

நானும் கடை வைத்திருப்பவன். என் மகள் வெளியூரில் படிக்கிறேன் என்று கேட்டபோது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்தேன். அவள் கண்ணைப் பார்த்துப் பேசக்கூட முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நூறு பஸ் விடுவதைவிடப் பெரிய துணிச்சல் அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே மகள் காந்தியவாதியான ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் சம்மதிக்கவில்லை. ஓராண்டு பிரிந்திருங்கள் என்றார் காந்தி. இருந்தார்கள், மனம் மாறவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு கல்யாணம் நடந்தது. மகளைப் படிக்க அனுப்பிய அதே மனசுதான் இதில் தயங்கியது. இதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஒரு தகப்பனால் ஒரு தூரம்வரைதான் கூட வர முடிகிறது. அதற்கு மேல் பிள்ளை தானே நடந்து போகிறது.

1947-ல் அந்தத் தம்பதி திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1952-ல் சௌந்தரம் அம்மா சட்டமன்ற உறுப்பினரானார். இதையெல்லாம் இருந்து பார்த்துவிட்டுத்தான் ஐயா 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் கண்மூடினார். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிறவர்கள் காந்திகிராமத்தில் ஒருமுறை இறங்குங்கள். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கஸ்தூர்பா ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டபடி பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்ப்பீர்கள்.