காசநோய் மருந்துக்குத் துணை நிற்பவை

அவையோர்க்கு வணக்கம். முதன்மைச் சிகிச்சையோடு சேர்த்துத் தரப்படும் துணைச் சிகிச்சைகளின் இடம் எது என்பதைக் காசநோயை வைத்தே பேச விரும்புகிறேன். அதற்கான விடையில் பாதி சென்னையில்தான் கிடைத்தது.

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் ஓய்வும் தூய காற்றும் சத்துணவுமே இந்நோய்க்குச் சிகிச்சையாக இருந்தன. தாம்பரத்தில் 1928-இல் சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை, தோன்றியதும் அந்த நம்பிக்கையில்தான். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும், மற்றொரு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளில் எளிய உணவோடும், ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். கிருமியை அழிப்பது மருந்தே என்பது உறுதியாயிற்று. இன்றும் மாதக்கணக்கில் உட்கொள்ளும் மாத்திரைகளுக்கு மாற்று கிடையாது.

ஆனால், உணவு பொருட்டல்ல என்று இதற்குப் பொருள் கொண்டது பெரும்பிழை என்பேன். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் முடிவு வெளியான ஆய்வில், நோயாளிகள் அனைவருக்கும் மருந்தோடு அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் அடங்கிய பொட்டலம் மாதந்தோறும் தரப்பட்டது. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு அபாயம் சுமார் 60 சதவீதம் குறைந்து காணப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தினருக்கும் உணவு தரப்பட்ட வீடுகளில் அவர்களுக்குப் புதிதாக நோய் தோன்றுவதும், குடும்பத்தினருக்கு அவ்வாறு தரப்படாத வீடுகளோடு ஒப்பிட, ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. மெலிந்த உடலுக்கு மருந்து மட்டும் போதாது.

காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் சிலருக்குக் கைகால் எரிச்சலையும் மரத்துப்போதலையும் உண்டாக்கும். அதைத் தடுக்கவே பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமின் மாத்திரை உடன் தரப்படுகிறது. துணைச் சிகிச்சைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் துணையும் நன்மை செய்வதில்லை. இந்த மாத்திரைகளில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத சூரணங்களையும் லேகியங்களையும் அவற்றோடு உட்கொண்டால் கல்லீரலின் சுமை கூடலாம். மற்றொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோ கருத்தடை மாத்திரை உள்ளிட்ட பல மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும். ஆகவே, வேறு எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர்களும் கடிந்துகொள்ளாமல் கேட்டறிய வேண்டும்.

நோயாளியின் உணவுக்கென 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அரசு உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாயாகியுள்ளது. வரவேற்கிறேன். ஆனால் வறிய வீட்டில் அந்தப் பணம் வாடகைக்கும் கடனுக்கும் போய்விடக்கூடும் என்பதால், மாத்திரை வழங்கும் இடத்திலேயே பருப்பும் எண்ணெயும் குடும்பத்துக்கே சேர்த்து வழங்கப்பட வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.