கிடங்குகள் காலியாகிவிட்டன

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் டெக்ஸாஸில் இருக்கிற என் அக்கா மகன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இது நம்ம நாட்டு ரைஃபிள்தானே? 600 டாலர் கேக்கிறாங்க, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கினேன். மேகஸினுக்கு, அதாவது தோட்டாப் பெட்டிக்கு, முன்னால் மரக்கட்டையின் குறுக்கே ஒரு திருகு தெரிந்தது. அது போதும், மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் கை பட்ட ரைஃபிள் என்று சொல்லிவிடலாம். கட்டை விரிசல் விடாமல் இருக்க நம்மவர்கள் போட்ட திருகு அது. பட்டாளத்தில் 22 வருடம் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, இருந்தவன் நான், அந்தத் திருகை எத்தனை ரைஃபிளில் கழற்றி மாட்டியிருப்பேன் என்று கணக்கே கிடையாது.

இதே ரைஃபிள் 1990-களில் அமெரிக்கக் கடைகளில் நூறு டாலரை ஒட்டித்தான் விற்றது. ரஷ்யாவின் மோசின் ரைஃபிள் 2010 வாக்கில்கூட நூறு டாலருக்குள் கிடைத்தது, இன்று முந்நூறு, நானூறு கொடுத்தாலும் நல்லதாக அமைவது அதிர்ஷ்டம். விலை மறுபடி இறங்குமா என்றும் அவன் கேட்டான். இறங்காது என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

உலகப் போர்களுக்காகச் செய்த ரைஃபிள்களுக்குக் கணக்கு வழக்கே இல்லை. நம் இஷாப்பூர் ரைஃபிளுக்கு மூலமான பிரிட்டனின் லீ என்ஃபீல்டு மட்டும் 1 கோடி 70 லட்சத்துக்கு மேல் என்பார்கள், அமெரிக்காவின் கராண்ட் 54 லட்சம். போர் முடிந்ததும் இவை பழசாகிவிட்டன, கிடங்கில் அடுக்கி வைத்துப் பாதுகாப்பதே செலவு என்று ஆனபோது அரசுகள் கிட்டத்தட்ட இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டன. அமெரிக்கா 1968-ல் ராணுவ மிச்சத் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது, அப்புறம் 1984-ல் 50 வருடம் தாண்டிய பழம்பொருள் என்றால் வரலாம் என்று கதவைத் திறந்தது. சோவியத் யூனியன் உடைந்ததும் கிழக்கு ஐரோப்பாவின் கிடங்குகளும் திறந்துகொண்டன. அந்த இருபது வருட வெள்ளத்தைப் பார்த்தவர்கள்தான் இது எப்போதும் இப்படியே வரும் என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த தலைமுறை ரைஃபிள்களைப் பாருங்கள். ஏகே, எம் 16, நம்முடைய இன்சாஸ் எல்லாமே விசையை அழுத்தினால் தொடர்ந்தோ மூன்று மூன்றாகவோ சுடக்கூடியவை. 1986-க்குப் பிறகு பதிவான தானியங்கித் துப்பாக்கி எதையும் அமெரிக்காவில் பொதுமக்கள் வாங்க முடியாது. அதனால் அந்த நாட்டுக்குப் போகும்போது ரைஃபிளின் உடலை, அதாவது ரிசீவரை, கேஸ் கட்டரால் துண்டு துண்டாக அறுத்து உதிரி பாகங்களாகத்தான் அனுப்புகிறார்கள். 2005-லிருந்து அப்படி வருகிற பாரலுக்கும், அதாவது குழலுக்கும், தடை வந்துவிட்டது. முழு ரைஃபிளாக இனி வரக்கூடியது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட் ஆக்ஷன், ஒருமுறை அழுத்தினால் ஒரே குண்டு சுடும் பழைய அரைத் தானியங்கி, அவ்வளவுதான். அவையும் ஏற்கெனவே வந்து தீர்ந்துவிட்டன. எத்தியோப்பியா மாதிரி எங்காவது ஒரு மூலையில் பழைய கிடங்கு ஒன்று திறக்கும், ஒரு வருடம் பேச்சாக இருக்கும், தீரும்.

ஆனால் ரைஃபிளைவிட நான் கவலைப்படுவது தோட்டாவைப் பற்றித்தான். நன்றாக எண்ணெய் போட்டு வைத்தால் ரைஃபிள் நூறு வருடம் நிற்கும், தோட்டா ஒருமுறை வெடித்தால் போயிற்று. 440 மோசின் தோட்டாக்களைத் தகர டப்பாவில் அடைத்து, புளிக்குழம்புக்கு வாங்குகிற எண்ணெய் டின் மாதிரி விற்ற காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1994-ல் சீனத் தோட்டாவுக்குத் தடை, 2021-ல் ரஷ்யத் தோட்டாவுக்கும் கதவு சாத்தியாகிவிட்டது. 2022-லிருந்து கிழக்கு ஐரோப்பாவின் பழைய இருப்பு உக்ரைன் போருக்கே போகிறது. பீரங்கிக் குண்டுக்கும் ரைஃபிள் தோட்டாவுக்கும் வெடிமருந்தின் மூலப்பொருள் ஒன்றே, நைட்ரோசெல்லுலோஸ். அங்கே பீரங்கி முழங்கினால் அமெரிக்கக் கடையில் தோட்டா விலை ஏறும்.

லீ என்ஃபீல்டில் போடுகிற பழைய த்ரீ நாட் த்ரீ (.303) தோட்டாவைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே தூள் இருக்காது. சேமியா மாதிரி பழுப்பு நிறக் குச்சிகள், ஒரே நீளத்தில் கட்டாக நிற்கும். கார்டைட் என்று பெயர். அந்தக் கால கேப்பில், அதாவது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற மூடியில், ஒரு வகை ரசாயனம் உண்டு, சுட்டதும் அது உப்பாக மாறி பாரலில் படிந்து ஈரத்தை இழுக்கும். அதனால் ரேஞ்சிலிருந்து வந்ததும் புனல் வைத்துக் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிக் கழுவுவோம், எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. ஒருமுறை பரங்கிமலையில் ஒரு பையன் சோம்பலில் கழுவாமல் வைத்துவிட்டான். கடல் காற்று வேறு. மறுநாள் காலை பாரலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் செம்மண் தூவினது போல இருந்தது. அந்த ரைஃபிளுக்காக இன்றும் எனக்கு மனசு வலிக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். த்ரீ நாட் த்ரீ இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட தோட்டா அளவு. அதனால்தான் இஷாப்பூரில் .315 என்று தனி அளவில் லைசென்ஸ்காரர்களுக்கான ரைஃபிள் செய்தார்கள். 1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் அநேகமாக நின்றுபோய், இங்கே ஏற்கெனவே இருந்த பழசுகள் தங்கம் மாதிரி விலை பேசப்படுகின்றன. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்துவிட்டது, ராணுவத்தில் இன்சாஸுக்குப் பதில் அமேதி கோர்வாவில் செய்கிற ஏகே 203 வந்துகொண்டிருக்கிறது. அந்தப் பழைய ரைஃபிள்கள் ஏலத்துக்கு வரும், வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வராது. வீட்டுப் பரணில் தாத்தா விட்டுப்போன தோட்டா ஒன்றே ஒன்று கிடந்தாலும் லைசென்ஸ் இல்லையென்றால் குற்றம். அதைக் காயலான் கடையில் போடாதீர்கள், கழற்றிப் பார்க்காதீர்கள். எடுத்துக்கொண்டு அலையவும் வேண்டாம். பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

அதேநேரம் எல்லாவற்றையும் உருக்கிவிடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் வாளையும் பழைய துப்பாக்கியையும் பார்த்துக்கொண்டு நின்ற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நம் தொழிலாளி கையால் செய்த ஒரு ரைஃபிளையும், எந்த வருடம், எந்தப் படை, எங்கே இருந்தது என்ற சீட்டோடு அங்கே வைக்க வேண்டும். இன்றைக்கு ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால் முடிகிற வேலை அது.

அக்கா மகனிடம் நான் சொன்னது இதுதான்: ரைஃபிளைப் பார்த்து ஆசைப்படாதே, அது தின்கிற தோட்டா இன்னும் எங்கேயாவது புதிதாகச் செய்யப்படுகிறதா என்று முதலில் பார். அவன் பார்த்தது 7.62 மில்லிமீட்டர் தோட்டா போடுகிற ரகம், பரவாயில்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். த்ரீ நாட் த்ரீ என்றால் செர்பியா போன்ற சில இடங்களில் கொஞ்சமாகச் செய்வதை நம்பித்தான் காலம் தள்ள வேண்டும். போல்ட்டைக் கழற்றி, பாரலுக்குள் விளக்கடித்து ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.