பட்டுப்பூச்சி முட்டையை ஃப்ரிட்ஜில் வைத்தேன், ஏன் பொரிக்கவில்லை?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "போன தடவை 40 பட்டுப்புழு வளர்த்தேன். கூடுகளை அவிக்காமல் விட்டேன். அந்துப்பூச்சி வெளியே வந்து காகிதத்தில் முட்டையும் இட்டது. மறுநாளே காகிதத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். 4 மாதம் கழித்து எடுத்தால் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. என்ன தப்பு செய்தேன்? இந்தத் தடவை எப்படி வைக்கலாம்?"

நல்ல கேள்வி. "மறுநாளே" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், தப்பு அங்கேதான்.

புதிதாக இட்ட முட்டை வெளிர் மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக இருக்கும். அதை அப்படியே வீட்டில் வைத்து இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். மஞ்சள் மெல்லச் சிவந்து, பழுப்பாகி, கடைசியில் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு வரும். இந்த நிறம் முட்டை ஓட்டில் இல்லை. ஓட்டுக்கு உள்ளே கருவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் ஏறுகிறது. நிறம் மாறிவிட்டால் கரு கொஞ்சம் வளர்ந்து உறக்கத்துக்குப் போகிறது என்று அர்த்தம். குளிரைத் தாங்குவது அந்த உறங்கும் கருதான். உறங்கும் முன்பே மாதக்கணக்கில் குளிரில் போட்டால் அது உள்ளேயே செத்துவிடும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

நிறமே மாறாத முட்டையும் உண்டு. நாலைந்து நாளில் நடுவில் குழி விழுந்து சுருங்கினால் அது கரு சேராத முட்டை, எடுத்துப் போட்டுவிடலாம். குழி விழாமல் மஞ்சளாகவே உருண்டையாக நின்றால் அவசரப்பட வேண்டாம். சில இனங்களில் முட்டை உறங்காது, 10 நாள் போல ஆனதும் தானே பொரித்துவிடும். வருடம் முழுக்க அடுத்தடுத்துத் தலைமுறை வரும் இனங்கள் அப்படி. அவற்றைச் சேமித்து வைக்க முடியாது, இலையைத் தயார் செய்துகொள்ளத்தான் வேண்டும். வருடத்துக்கு இரண்டு தலைமுறை வரும் இனத்தில் இன்னொரு விசேஷம். முட்டை உறங்குமா இல்லையா என்பதைத் தாய்தான் தீர்மானிக்கிறது, அதுவும் அந்தத் தாய் முட்டையாக இருந்தபோது பட்ட வெப்பத்தையும் வெளிச்சத்தையும் வைத்து. 25 டிகிரி வெப்பத்தில், நல்ல வெளிச்சத்தில் இருந்த முட்டையிலிருந்து வந்த தாய் உறங்கும் முட்டை இடும். 15 டிகிரியில் இருட்டில் இருந்தது, உறங்காத முட்டை இடும். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இது வியப்பு குறையாத விஷயம்.

சரி, இந்தத் தடவை முதலிலிருந்தே பார்ப்போம். புழு கூடு கட்டத் தொடங்கி இரண்டு வாரம் போல ஆனதும் அந்துப்பூச்சி வரும், பெரும்பாலும் விடியற்காலையில். கூட்டின் ஒரு முனை ஈரமாகும். பூச்சி வாயிலிருந்து விடும் நீர் பட்டு நூலின் பசையை இளக்குகிறது. அந்த ஈரத்தைத் தலையால் முட்டி முட்டி, நனைந்த ரோமத்தோடு வெளியே வரும். கத்தரிக்கோலால் வெட்டி உதவ வேண்டாம். சொரசொரப்பான காகிதம் மட்டும் கீழே இருக்கட்டும். காலால் பிடித்து நிற்க இடம் கிடைத்தால்தான் சிறகு ஒழுங்காக விரியும். வந்ததும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் கழியும். அது நோய் இல்லை.

சாப்பாடு எதுவும் வைக்க வேண்டாம். இந்தப் பூச்சியால் தின்னவும் முடியாது, பறக்கவும் முடியாது. சில நாள்தான் அதன் ஆயுள். வயிறு பருத்து அசையாமல் இருப்பது பெண். சிறகை அடித்துக்கொண்டு வட்டமாக ஓடுவது ஆண். பெண் வயிற்று நுனியில் மஞ்சளாக இரண்டு சுரப்பிகளைப் பிதுக்கி வாசனை விடும், அதைத் தேடித்தான் ஆண் ஓடுகிறது. பூச்சிகளின் காம வாசனைப் பொருள்களில் முதன்முதலில் வேதியியல் முறையில் அடையாளம் காணப்பட்டது இதுதான். 1959-ல் ஜெர்மன் வேதியியலாளர் பூடெனான்ட்டின் குழுவினர் சுமார் 5 லட்சம் பட்டு அந்துப்பூச்சிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள்.

இணை சேர்ந்ததும் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள், போதும். பிறகு பெண்ணை ஒரு கையால் பிடித்து, ஆணை மெதுவாகத் திருகினால் பிரிந்துவிடும், இழுக்கக்கூடாது. பிரிக்காமல் விட்டால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கும், முட்டை இடுவது தள்ளிப்போகும்.

அடுத்து, தயவுசெய்து செய்ய வேண்டிய ஒன்று. ஒவ்வொரு தாயையும் தனித்தனியாகக் காகிதத்தில் விட்டு, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். காற்று போக டம்ளரின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். ஒரு நாளில் பெரும்பாலான முட்டைகளை இட்டுவிடும், ஒரு தாய்க்கு 400, 500 வரை. யாருடைய முட்டை எது என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடும். 1860-களில் பிரான்சின் பட்டுத் தொழிலை முடக்கிய நோய் அது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் சொன்ன வழி இதேதான்: தாயைத் தனியே முட்டையிடவிட்டு, பிறகு அதை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய் இருந்தால் அந்த முட்டையை அழிப்பது. நுண்ணோக்கி இல்லாவிட்டாலும், மிளகுத் தூள் தூவினாற்போல் உடலில் கரும்புள்ளி வந்த புழுக்களையும், வளர்ச்சி ஏறுக்குமாறாக இருந்த கூட்டத்தையும் இனப்பெருக்கத்துக்கு எடுக்காதீர்கள். மனம் வராதுதான், ஆனால் எடுக்காதீர்கள்.

முட்டைக் காகிதத்தில் தேதியை எழுதிவிட்டு, வெயில் படாத இடத்தில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் 25 டிகிரி அளவில் விடுங்கள். அப்புறம் ஃப்ரிட்ஜில் குளிர் குறைவான தட்டில் சில நாள். அதன் பிறகுதான் 5 டிகிரி அளவுள்ள இடம். ஃப்ரீசர் பக்கமே போகக்கூடாது. காகிதத்தை மடிக்க வேண்டாம், மடிப்பில் முட்டை நசுங்கும். சின்ன டப்பாவில் தட்டையாக வைத்து மூடியில் இரண்டு மூன்று துளை போடுங்கள், முட்டைக்கும் மூச்சு உண்டு. ஃப்ரிட்ஜின் காற்று வறண்டது, முட்டையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு பாட்டில் மூடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு வைத்தால் போதும். முட்டைமேல் தண்ணீர் படவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். குறைந்தது இரண்டு மூன்று மாதக் குளிர் இருந்தால்தான் உறக்கம் கலையும். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டு ஃப்ரிட்ஜை நம்ப வேண்டாம்.

வெளியே எடுத்து 25 டிகிரியில், கொஞ்சம் ஈரப்பதத்தோடு வைத்தால் 10, 12 நாளில் பொரிக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு முட்டையிலும் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளி தெரியும், அது புழுவின் தலை. உடனே கருப்புத் துணி போட்டு மூடிவிடுங்கள். முட்டை முழுக்க நீலம் பாய்ந்ததும், மறுநாள் விடிந்தவுடன் துணியை எடுத்தால் வெளிச்சம் பட்டு ஏறக்குறைய எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும். எறும்பு போலக் கருப்பாக 3 மில்லிமீட்டர் நீளத்தில் நெளியும்.

ஒருதடவை வெளியே எடுத்து வளர ஆரம்பித்த முட்டையை, இலை இல்லையே என்று திரும்ப ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அதனால் மல்பெரியில் தளிர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு டப்பாவைத் தொடுங்கள். ஒரு புழு தன் ஆயுளில் 20 கிராமுக்கு மேல் இலை தின்னும், ஒரு தாயின் முட்டை எல்லாம் பொரித்தால் 8 கிலோ, 10 கிலோ இலை வேண்டும். உங்களிடம் ஒரு சின்னச் செடிதான் இருக்கிறது என்றால் காகிதத்தில் 50 முட்டை உள்ள துண்டை மட்டும் வெட்டி எடுங்கள், மீதி உள்ளேயே உறங்கட்டும்.