சங்கம் போன பிறகு வீட்டில் என்ன மிஞ்சுகிறது?

(கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து நேராக இங்கு வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த மண்டபத்திற்கு நடந்து வந்தவர்கள் நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் வரிவரியாக மேடு கட்டிப் பதித்திருக்கும் ஓடுகளைக் கவனித்திருப்பீர்கள். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தொட்டு வழியறிவதற்காகப் பதிக்கப்பட்டவை அவை. 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த பிரிக்ஃபீல்ட்ஸில்தான் இயங்கி வருகிறது. ஆகவே வெள்ளைக் கோல் ஏந்தியவர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். ஆனாலும் இன்று மாலை நான் வந்தபோது அந்த ஓடுகளின்மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. நிறுத்தியவர் கெட்டவராக இருக்க மாட்டார். அந்த ஓடு எதற்கென்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாநகர் மன்றம் ஓட்டைப் பதிக்கலாம், சங்கம் கோலைப் பிடித்து நடக்கக் கற்றுத்தரலாம், ஆனால் அந்தப் பாதை நாள்தோறும் பாதையாக இருக்குமா என்பதை அக்கம்பக்கத்தார்தான் முடிவு செய்கிறார்கள். சமூகம் சார்ந்த மறுவாழ்வு, அதாவது மாற்றுத்திறனாளிக்கு அவர் வாழும் இடத்திலேயே குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் துணைநின்று தரும் மறுவாழ்வு, இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலகில் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையுடனோ மனக்குறையுடனோ வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் வாழ்வது வளரும் நாடுகளில். அங்கே ஒரு காலத்தில் மறுவாழ்வு என்றால் தலைநகரில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் ஒரு பிரிவு என்றுதான் பொருள். கிராமத்துத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்து, அரைமணி நேரப் பயிற்சி பெற்றுத் திரும்புவாள். மூன்றாவது முறை வரமாட்டாள். 1978இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா அட்டா நகரில் கூடிய மாநாடு அடிப்படைச் சுகாதாரம் மக்கள் வாழும் இடத்திலேயே கிடைக்க வேண்டும் என்று அறிவித்த பிறகுதான் இந்த நிலை கேள்விக்குள்ளானது. சுவீடன் மருத்துவர் எய்னார் ஹெலண்டர், இலங்கையைச் சேர்ந்த இயன்முறை சிகிச்சையாளர் பத்மனி மெண்டிஸ், குன்னல் நெல்சன் ஆகிய மூவரும் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஒரு பயிற்சிக் கையேட்டை உருவாக்கினார்கள். அது மருத்துவருக்காக எழுதப்பட்ட கையேடு அல்ல. தாயும் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரரும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பிள்ளையை எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது, எப்படிப் பேசப் பழக்குவது என்று வீட்டிலேயே செய்து பார்ப்பதற்காக எழுதப்பட்டது. அந்த மூவரில் ஒருவர் இலங்கைப் பெண்மணி என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

மலேசியா இதில் பின்தங்கிய நாடு அன்று. 1984ஆம் ஆண்டிலேயே திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட் வட்டாரத்தில் 55 பேருடன் முதல் திட்டம் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் சமூகநல இலாகாவின் ஆதரவில் இயங்கும் பி.டி.கே. எனப்படும் சமூகம் சார்ந்த மறுவாழ்வு மையங்கள் அதன் வழிவந்தவைதாம். நான் பல ஆண்டுகள் ஒரு பி.டி.கே. மையத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன் என்பதால் ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். வீட்டுக்குச் சென்று பயிற்சி தருவது, மையத்துக்கு வரவழைத்துத் தருவது என இரண்டு வழிகளும் இத்திட்டத்தில் உண்டு. நான் அறிந்த மையங்களில் இரண்டாவது வழி வளர்ந்துகொண்டே போய், முதல் வழி சுருங்கிவிட்டது. வேன் வந்து ஏற்றிக்கொள்ள முடிந்த பிள்ளைகள் வருகிறார்கள். நான்காவது மாடியில் மின்தூக்கி பழுதான குடியிருப்பில் படுத்திருக்கும் பிள்ளையைப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டு அமைப்புகளைப் பற்றியும் பேச வேண்டும். 1982இல் தாய்லாந்து எல்லையிலிருந்த கம்போடிய அகதி முகாம்களில், கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கு அங்கேயே கிடைத்த மூங்கிலைக் கொண்டு செயற்கைக் கால் செய்யத் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவர்களின் அமைப்பு, இன்று ஹியூமானிட்டி அண்ட் இன்க்ளூஷன் என்ற பெயரில் பல நாடுகளில் பணியாற்றுகிறது. பார்வையற்றோருக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் சிபிஎம், சைட்சேவர்ஸ் போன்ற அமைப்புகளும் பல பத்தாண்டுகளாகக் களத்தில் இருப்பவை. அவற்றின் பட்டியலை வாசிக்க நான் வரவில்லை. எந்த அமைப்பைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவர்கள் கிளம்பிப் போன மறுநாள் அந்த வீட்டில் என்ன மிஞ்சியிருக்கும்?

வங்காளதேசத்தின் சவாரில் இருக்கும் முடக்குவாதமுற்றோர் மறுவாழ்வு மையம் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. வேலரி டெய்லர் என்ற ஆங்கிலேய இயன்முறை சிகிச்சையாளர் 1979இல் டாக்காவில் ஓர் அரசு மருத்துவமனையின் பயன்படாத கிடங்கில் நான்கு நோயாளிகளுடன் தொடங்கியது அது. முதுகுத்தண்டு முறிந்தவர் அங்கே சிகிச்சை முடிந்ததும் நேராக வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. இடைக்கால விடுதி ஒன்றில் தங்கி, ஊருக்குப் போனால் எப்படி வாழ வேண்டுமோ அப்படி வாழ்ந்து பழகுகிறார். நாற்காலியில் உயரமாக அமர்ந்தால் தரையில் எரியும் அடுப்பை எட்ட முடியாது என்பதால், தரையோடு தாழ்ந்த தள்ளுவண்டியில் அமர்ந்து சமைக்கப் பழகும் பெண்கள் உண்டு. நகரத்து மருத்துவமனையில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு இந்தத் தள்ளுவண்டி தோன்றாது. அந்த அடுப்பைப் பார்த்தவருக்குத்தான் தோன்றும்.

நம் தமிழகத்திலேயே, தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல், சொந்த ஊரில் ஒரு சில குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் தசைச் சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கர ராமன் அவருடன் இணைந்தார். இருவருமே சக்கர நாற்காலியில் இருந்தபடி நிர்வகித்த அமைப்பு அது. அங்கே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று சிறு குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். சிகிச்சை வல்லுநர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். அதே 1981இல் மெக்சிகோவின் சினலோவா மாநிலத்து மலைக் கிராமமான அஹோயாவில், ஊனமுற்ற கிராமத்தவர்களே பட்டறை வைத்துச் சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் செய்யத் தொடங்கினார்கள். ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களில், பயன்பெறுவோர் என்று பட்டியலிடப்பட வேண்டியவர்கள் முடிவெடுப்பவர்களாக மாறினார்கள். இந்த மாற்றம் நிகழாத அமைப்பு எவ்வளவு பணம் செலவழித்தாலும் அந்தப் பணம் தீரும் நாளில் தானும் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் சார்ந்திருந்த ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில், பத்துப் பேருக்கு மேடையில் சக்கர நாற்காலி வழங்கினோம். மாலை போட்டோம், படம் எடுத்தோம், மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. நான்கு மாதம் கழித்து அவர்களில் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பதினாறு வயதுப் பையன். பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நாற்காலி மடக்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றது. அதன் கைப்பிடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தாய் என்னைக் குறை சொல்லவில்லை. "நல்ல நாற்காலிதாங்கய்யா. உட்கார வச்சா ஒரு பக்கமாச் சாஞ்சிடுறான், கால் கீழே எட்டல. குளியலறைக் கதவுலயும் நுழையல" என்றார். பையனின் இடுப்புக்குப் பின்னால் வெள்ளிக்காசு அளவுக்கு ஒரு படுக்கைப் புண் இருந்தது. முதல் இரண்டு வாரம் அந்தத் துணி இருக்கையில் நெடுநேரம் உட்கார வைத்ததால் வந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2008லேயே, வசதி குறைந்த இடங்களில் சக்கர நாற்காலி வழங்குவதற்கு எட்டுப் படிகளை வகுத்து வெளியிட்டிருக்கிறது. ஆளைப் பார்த்து அளவெடுப்பது, அவருக்கேற்ற நாற்காலியைத் தேர்வது, உட்கார வைத்துச் சரிபார்ப்பது, பயன்படுத்தப் பழக்குவது, பிறகு பராமரிப்பதும் திரும்பப் போய்ப் பார்ப்பதும் அவற்றில் அடங்கும். நாங்கள் அவற்றில் ஒன்றைக்கூட முழுமையாகச் செய்யவில்லை. பணம் திரட்டினோம், வாங்கினோம், கொடுத்தோம்.

பிறகு என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன். முதுகுத்தண்டு முறிவுக்குப் பின் இருபது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரைத் தேடிப் பிடித்து அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். அவர் பையனைப் பார்த்துப் பத்து நிமிடம் அவனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் அளவு நாடாவை எடுத்தார். இருக்கையின் தொய்வை எடுக்க அடியில் ஒரு பிளைவுட் பலகை, அதன்மேல் நடுவில் பள்ளம் வெட்டிய கெட்டியான பஞ்சு மெத்தை, இருபுறமும் சாயாமல் இருக்கப் பக்கத் தாங்கிகள், உயர்த்திப் பொருத்திய கால் மிதி. பக்கத் தாங்கிகளைத் தடித்த அட்டைப் பெட்டிகளை மாவுப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துச் செய்தோம். ஆப்பிரிக்க நாடுகளில் இம்முறையில் குழந்தைகளுக்கு முழு நாற்காலியே செய்கிறார்கள். குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டார்கள். மொத்தச் செலவு ஒரு புதிய நாற்காலியின் விலையில் சிறு பங்குகூட இல்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை உடலைச் சற்றே தூக்கி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அவர் தாய்க்கும் தங்கைக்கும் செய்தே காட்டினார். புண் ஆறிவிட்டது. அடுத்த முறை நான் போனபோது மெத்தை நைந்துபோயிருந்தது, ஆனால் தாய் அதை அளவு பார்த்துத் தாமே புதிதாக வெட்டிப் போட்டிருந்தார்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒரு சொல். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2010இல் ஏற்றோம். ஆனால் அச்சட்டம் இயற்றப்பட்டபோது மீறுவோருக்குத் தண்டனை வைக்கப்படவில்லை. 41ஆவது பிரிவு அரசின்மீது வழக்குத் தொடுப்பதையே தடுத்தது. உரிமை என்று எழுதிவிட்டு அதைக் கேட்கும் வாசலை அடைத்தது சரியன்று என்று மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் தொடர்ந்து வாதாடி வருகின்றன. அந்த வாதத்தில் நம் தமிழ்ச் சங்கங்களின் குரலும் கேட்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் நம்மவர்களிடம் ஆள்பலத்துக்கும் ஈகைக்கும் குறைவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குப் போய் மதிய உணவு பரிமாறி வருகிறோம். அதே ஆள்பலம், மாதம் இரண்டு முறை ஒரே வீட்டுக்குப் போய்வரப் பழகிக்கொண்டால் போதும் என்கிறேன்.

அந்தப் பையனின் நாற்காலியைச் சீரமைத்த நண்பர் இப்போது சனிக்கிழமை தோறும் வந்து, நாற்காலிகளைச் சீரமைக்கவும் அளவெடுக்கவும் எட்டு இளைஞர்களுக்குக் கற்றுத்தருகிறார். அந்த எண்மரில் மூவர் மாற்றுத்திறனாளிகள். இந்தப் பயிற்சி இதுவரை ஒரு கடையின் பின்கட்டில் நடக்கிறது. அங்கே நுழைய இரண்டு படி ஏற வேண்டும், ஒவ்வொரு முறையும் அவரை நாங்கள் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோகிறோம். தரைத் தளத்தில், வாசலில் படி இல்லாத, ஒரு மேசை போடும் அளவுக்கு அறை உங்களில் யாரிடமாவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் வலப்புறக் கதவருகே நின்றிருப்பேன், வந்து சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.