கால்வாயில் பறவைகள் வந்துவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிட்டதா?

வணக்கம். உங்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன், அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சேலம் அணைமேட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மாலையில் திருமணிமுத்தாற்றுக் கரையோரம் நடக்கிறேன். ஆறு என்றுதான் பெயர், பார்த்தால் சாக்கடைக் கால்வாய்தான். ஆனால் இப்போது நீண்ட சிவப்புக் கால்களோடு கருப்பு வெள்ளைப் பறவைகள் கூட்டமாக நிற்கின்றன, கொக்குகளும் நிறைய. பறவைகள் திரும்பி வந்துவிட்டதால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படி எடுத்துக்கொள்ளலாமா?"

எடுத்துக்கொள்ளக் கூடாது அம்மா. நீங்கள் சொல்லும் அந்தச் சிவப்புக் கால் பறவை நெடுங்கால் உள்ளான். ஊருக்குள் ஓடும் இப்படிப்பட்ட கால்வாயில் அது கூட்டமாக நின்றால் தண்ணீர் பெரும்பாலும் கெட்டுத்தான் இருக்கும்.

காரணம் அதன் சாப்பாட்டில் இருக்கிறது. வீட்டுக் கழிவும், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவு போன்ற மாவுச்சத்து நிறைந்த நீரும் ஆற்றில் கலந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் தண்ணீரிலுள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) எல்லாம் எடுத்துக்கொள்கின்றன. மீன்களும் தட்டான்பூச்சிகளின் இளம்புழுக்களும் மூச்சுக்கு வழியில்லாமல் ஒழிந்துவிடுகின்றன. அந்தச் சேற்றிலும் பிழைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: கொசுவைப் போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் சிவப்புப் புழு, மயிரிழை போன்ற சேற்றுப்புழு. நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் இவற்றின் உடலிலும் இருக்கிறது. கொஞ்சநஞ்ச உயிர்வளியையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது, சிவப்பு நிறமும் அதனால் வருவதுதான். இவற்றைத் தின்ன மீன் இல்லை, போட்டிக்கும் ஆள் இல்லை என்பதால் இந்தப் புழுக்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. ஊசி போன்ற அலகால் சேற்றைக் குத்திக் குத்தி நெடுங்கால் உள்ளான் எடுப்பது இவற்றைத்தான். அதற்கு அது விருந்து. ஆற்றுக்கு அது நோயின் அறிகுறி.

கொக்குகளையும் ஒரே கூட்டமாக எண்ணக் கூடாது. மஞ்சள் அலகும் கருப்புக் காலுமாக மாடுகளின் பின்னால் திரிவது உண்ணிக்கொக்கு. அதற்குத் தண்ணீரே தேவையில்லை, வெட்டுக்கிளியும் குப்பைமேட்டு ஈயும் போதும். கருப்பு அலகு, கருப்புக் கால், மஞ்சள் பாதம் என்றிருந்தால் அது சின்னக்கொக்கு. ஆழமில்லாத நீரில் காலால் கிளறிச் சிறு மீன்களையும் பூச்சிகளையும் பிடிக்கும். இரண்டும் தூரத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் காலையும் அலகையும் பாருங்கள்.

மாலையில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். இருட்டுவதற்கு முன் கொக்குகளும் நீர்க்காகங்களும் ஆற்றின் போக்கை ஒட்டி வரிசையாகப் பறந்து அடையும் மரங்களுக்குப் போகின்றன. அவை எங்கோ ஓர் ஏரியில் இரை தின்றுவிட்டு உங்கள் தலைக்கு மேலே கடந்து போகின்றன, அவ்வளவுதான். அதே நேரத்தில் எதிர்த் திசையில், கரகரத்த குரலில் 'க்வாக்' என்று ஒற்றைக் கத்தல் கேட்டால் அது வக்கா. பகலெல்லாம் மரத்தில் தூங்கிவிட்டு இரவு வேட்டைக்குக் கிளம்புகிறது. மாலை நடைக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்த இரண்டு ஓட்டங்களும் ஒன்றாகக் காணக் கிடைக்கும். காலையில் பறவை பார்ப்பதுதான் உசத்தி என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, தண்ணீர் தேறியிருக்கிறது என்று எந்தப் பறவை சொல்லும்? மீன்கொத்திதானே என்பீர்கள். எந்த மீன்கொத்தி என்று கேட்க வேண்டும். மின்கம்பியில் உட்கார்ந்து சிரிப்பது போலக் கத்தும் வெண்மார்பு மீன்கொத்தி பல்லி, ஓணான், தவளை, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் தின்னும். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. கருவெள்ளை மீன்கொத்தியின் கதை வேறு. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, குறிபார்த்துத் தலைகீழாகப் பாயும். அதற்கு மீன்தான் உணவு, அதுவும் மேலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். கலங்கிக் கறுத்த நீரிலும் சாயம் கலந்த நீரிலும் அதற்கு வேலையில்லை. முக்குளிப்பானும் அப்படித்தான், நீருக்குள் மூழ்கிப் பூச்சிகளையும் சிறு மீன்களையும் துரத்திப் பிடிக்கிறது. இந்த இரண்டும் உங்கள் பகுதியில் நாள்தோறும் இரை எடுக்கத் தொடங்கினால் எனக்கு எழுதுங்கள், நான் உண்மையிலேயே மகிழ்வேன்.

நீர்க்காகத்தை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஜிலேபி கெண்டை என்று நம் சந்தைகளில் விற்கும் மீன் ஓரளவு கெட்ட நீரிலும் பிழைத்துக்கொள்ளும். அதைத் தின்று நீர்க்காகமும் பிழைத்துக்கொள்ளும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மீன்வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் ஏற்ற நீர் என்று வகுத்திருக்கும் தரத்தில், லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க வேண்டும். அதை அளக்கக் கருவி வேண்டும். பறவை தருவது துப்பு மட்டுமே, சோதனைச் சான்றிதழ் ஆகாது.

நேரம் கிடைத்தால் இந்த ஆற்றையே மேலே போய்ப் பாருங்கள். திருமணிமுத்தாறு பிறப்பது சேர்வராயன் மலையில். மலை ஓடைகளில் பாறைக்குப் பாறை தாவி, நீண்ட வாலை மேலும் கீழும் ஆட்டும் சாம்பல் வாலாட்டியைக் குளிர்காலத்தில் பார்க்கலாம். முதுகு சாம்பல், வயிற்றுப் பக்கம் மஞ்சள். இமயத்திலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டிவிட்டு செப்டம்பர் வாக்கில் தெற்கே வரும், கோடை தொடங்கும்போது கிளம்பிவிடும். ஓடும் நீரில் வளரும் பூச்சிகள் அதற்குப் பிடித்த இரை. அதே நீர் ஊருக்குள் வந்தபின் என்ன ஆகிறது என்பதை அணைமேட்டில் நின்று நீங்கள் பார்க்கிறீர்கள். சீர்செய்தால் பறவைகள் திரும்பும் என்பதற்கும் வெகுதூரம் போக வேண்டாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010 முதல் பொதுமக்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். அத்திட்டுகளில் பறவைகள் அடைகின்றன.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆற்றைச் சீரமைப்பது என்றாலே இருபுறமும் செங்குத்தாகக் கான்கிரீட் சுவர் எழுப்புவது என்று ஆகிவிட்டது. வெள்ளத்துக்குச் சுவர் தேவைப்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கரை முழுவதும் சுவரானால் மண் கரையில் வளை தோண்டி முட்டையிடும் மீன்கொத்திக்கு இடமில்லை. சரிந்து இறங்கும் ஈர விளிம்பில் நடந்து இரை தேடும் உள்ளானுக்கும் வாலாட்டிக்கும் கால் வைக்க இடமில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டுக் கரையைப் பறித்துக்கொண்டால் பறவை எங்கே நிற்கும்? முடிந்த இடத்திலாவது மண் சரிவை விட்டுவைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். தூர்வாரும் நாளையும் பார்த்து வைக்கச் சொல்ல வேண்டும். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டிக் குருவியும் கோடையில் தரையிலேயே முட்டையிடுகின்றன. பொக்லைன் இறங்கினால் முட்டைகள் போய்விடும்.

பறவைகளுக்கு இந்தத் தண்ணீரால் ஆபத்தா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆபத்துதான். வெப்பம் கூடி உயிர்வளி குறையும்போது, சேற்றிலும் அழுகிய உடல்களிலும் பாட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நச்சு உண்டாகலாம். 2019இல் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் இதனால் இறந்தன. கழுத்தைத் தூக்க முடியாமல், சிறகு தொங்கிக் கிடக்கும் பறவையைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ தகவல் சொல்லுங்கள்.

இனி நடைக்குப் போகும்போது மேற்குக் கரையில் நடங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், எதிர்க்கரைப் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, என்ன பறவை, எத்தனை என்பதோடு, இரை எடுக்கிறதா, ஓய்வெடுக்கிறதா, கடந்து போகிறதா என்பதையும் எழுதுங்கள். இந்த மூன்றாவது தகவலைப் பலர் எழுதுவதில்லை, நம் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பக்கத்தில் குறியுங்கள். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் செயலியில் பதிவேற்றினால் மற்றவர்களுக்கும் பயன்படும். பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் அதே இடத்தை எண்ணிச் சேர்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். எந்தக் கொக்குக்கு மஞ்சள் பாதம் என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.