பெனடிக்ட் போப்பாண்டவர் தப்பு செஞ்ச குருக்களை மூடி மறைச்சாரா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி ஒரு சிஸ்டர் அனுப்பியிருக்காங்க, அப்படியே வாசிக்கிறேன். "பிரதர், எங்க ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல போப் பெனடிக்ட் பத்தி பேச்சு வந்துச்சு. குழந்தைகள் வாழ்க்கையை நாசம் பண்ண சாமியார்களை காப்பாத்தினவர்தானே உங்க போப்புன்னு ஒருத்தர் கேட்டுட்டார், டிவில பார்த்தாராம். எனக்கு வாயே திறக்க முடியல. அவர் உண்மையிலேயே மூடி மறைச்சாரா?"

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சிஸ்டர், அவர் கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. பாதிக்கப்பட்ட பிள்ளைங்க நிஜம், அவங்க கண்ணீர் நிஜம். அமெரிக்க ஆயர்களே (பிஷப்புகளே) கேட்டு 2004ல ஜான் ஜே காலேஜ் எடுத்த ஆய்வுல 1950ல இருந்து 2002 வரைக்கும் 4,392 குருக்கள் மேல பாலியல் புகார் வந்திருக்கு, புகார் சொன்னவங்க பத்தாயிரத்துக்கும் மேல. இதைக் கேட்டுட்டு "எல்லாம் மீடியா சதி"ன்னு நம்ம ஆளுங்க சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். 2010 ஈஸ்டர் அன்னிக்கு ரோம்லயே ஒரு பெரிய கர்தினால் இதை வம்புப்பேச்சுன்னு சொன்னார், அது போப்புக்கு உதவி இல்ல, உபத்திரவம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 2010 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ்ல பெருசா ஒரு செய்தி வந்துச்சு. அமெரிக்காவுல மில்வாக்கி பக்கத்துல காது கேளாத பசங்க படிக்கிற ஸ்கூல், அங்க லாரன்ஸ் மர்பின்னு ஒரு ஃபாதர் 1950ல இருந்து 1974 வரைக்கும் இருந்தார், கிட்டத்தட்ட 200 பசங்க வரைக்கும் பாதிக்கப்பட்டிருக்கலாம்னு சொல்றாங்க. அந்த பசங்களுக்கு வாய்விட்டு சொல்ல முடியாது, சைகைதான், அந்த சைகை மொழி தெரிஞ்ச ஃபாதரே இப்படி பண்ணா யார்கிட்ட போய் சொல்லுவான்? அவங்கள்ல சிலர் பெரியவங்களான அப்புறம் 1974ல மில்வாக்கி கதீட்ரல் வாசல்ல நின்னு "தேடப்படும் குற்றவாளி"ன்னு அவர் பேர் போட்டு நோட்டீஸ் குடுத்தாங்க. பேச முடியாதவங்க, நோட்டீஸை நீட்டிட்டு நிக்கிறாங்க, ஜனங்க பூசைக்கு உள்ள போறாங்க. யோசிச்சுப் பாருங்க. போலீசுக்கும் போனாங்க, வழக்கு நடக்கல. ஆயர் இல்லத்துக்கும் போனாங்க, அவரை அந்த ஸ்கூல்ல இருந்து எடுத்தாங்க, அவ்வளவுதான்.

இதுல ராட்சிங்கர், அதாவது போப் ஆகறதுக்கு முன்னாடி பெனடிக்ட்டோட பேர், எங்க வர்றார்? 1974ல அவர் ஜெர்மனில காலேஜ் வாத்தியார். மில்வாக்கில இருந்து ரோமுக்கு லெட்டர் போனதே 1996 ஜூலைல, சம்பவம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல. அதுவும் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருகிட்ட பாவத்தை அறிக்கையிடறதை, தப்பா பயன்படுத்தினதா புகார் இருந்ததாலதான் அவரோட ஆபீசுக்கு, அதாவது அவர் அப்போ தலைவரா இருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயங்கிற வாடிகன் அலுவலகத்துக்கு போச்சு. சபை விசாரணை ஆரம்பிச்சது, 1998 ஜனவரில மர்பி "எனக்கு உடம்பு சரியில்ல, வயசாயிடுச்சு"ன்னு ராட்சிங்கருக்கு மனு போடறார், அதுக்கப்புறம் ரோம்ல இருந்த செயலர் விசாரணைக்கு பதிலா வேற மாதிரி நடவடிக்கை பாருங்கன்னு சொல்றார், ஆகஸ்ட்ல மர்பி செத்துப் போயிட்டார். அந்த மனுவுக்கு இரக்கம் காட்டினது எனக்கு சரியா படல, வெளிப்படையா சொல்றேன். ஆனா 24 வருஷம் மில்வாக்கில நடந்த குத்தத்தையும் அங்க இருந்த ஆயர்கள், போலீஸ் எல்லாரும் கோட்டை விட்டதையும் சேர்த்து கடைசி ரெண்டு வருஷம் ஃபைல் வந்த மேஜைக்காரர் தலைல கட்டினா அது நியாயமா?

இன்னொன்னு 2006ல பிபிசில வந்தது. 1962ல வந்த ஒரு ரகசிய ஆவணத்தை காட்டி, பிள்ளைங்க வாயை அடைக்க ராட்சிங்கர் இதை வச்சிருந்தார்னு சொன்னாங்க. 1962ல அந்த ஆபீஸ்ல தலைவர் ஒத்தாவியானி கர்தினால். ராட்சிங்கர் அப்போ பான் யூனிவர்சிட்டில பாடம் நடத்திட்டு இருந்தார், வயசு 35. அந்த ஆவணம் முக்கியமா பாவசங்கீர்த்தனத் தொட்டில குருவானவர் தப்பா நடந்தா எப்படி விசாரிக்கணும்கிறதை பத்தினது, அதுல சம்பந்தப்பட்டவங்க கண்டிப்பா புகார் குடுக்கணும்னே இருக்கு. ரகசியம் நிறைய இருந்துச்சு, அது உண்மை, அந்த ரகசியப் பழக்கம் பிள்ளைங்களுக்கு கெடுதல்தான் பண்ணுச்சு, அதையும் நான் மறுக்கல.

அப்போ இவர் என்னதான் பண்ணார்? 2001 ஏப்ரல்ல அப்போதைய போப் இரண்டாம் ஜான் பால் ஒரு சட்டம் போட்டார், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார் எல்லாம் இனிமே ஆயர்கள் கைல முடங்காம ராட்சிங்கர் ஆபீசுக்கு வரணும்னு. அப்புறம் உலகம் பூரா இருந்து ஃபைல் ஃபைலா வந்து குவியுது. வெள்ளிக்கிழமை காலைல அதை உக்காந்து படிப்பாங்களாம், "இது நம்ம வெள்ளிக்கிழமை ஒறுத்தல்"னு அவர் சொல்லுவாராம். நாம வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாம இருக்கறதையே பெரிய ஒறுத்தல்னு நினைக்கிறோம். அதைப் படிச்ச மனுஷன்தான் 2005 பெரிய வெள்ளிக்கு கொலோசியத்துல சிலுவைப்பாதை தியானம் எழுதினார், ஒன்பதாம் ஸ்தலத்துல, ஆண்டவர் மூணாம் தடவை விழற இடத்துல, "திருச்சபைக்குள்ள எவ்வளவு அசுத்தம், அதுவும் குருத்துவத்துல முழுசா அவருக்கு சொந்தமா இருக்க வேண்டியவங்க மத்தியில"ன்னு எழுதியிருக்கார். அப்போ அவர் போப் கூட இல்ல, உள்ள இருந்தவங்களுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

மாசியேல் கதை தெரியுமா உங்களுக்கு? மெக்சிகோக்காரர், கிறிஸ்துவின் படைவீரர்னு ஒரு சபையை ஆரம்பிச்சவர், பணம், குருமாணவர்கள், செல்வாக்கு எல்லாம் மலை மாதிரி. அவர்கிட்ட குருமாணவரா இருந்தவங்க 1998ல ரோமுக்கு புகார் குடுத்தாங்க, அது வருஷக்கணக்கா கிடப்புல கிடந்துச்சு, ரோம்ல பெரிய இடத்துல எல்லாம் அவருக்கு ஆள் இருந்துச்சு. 2004 கடைசில ராட்சிங்கர்தான் ஃபைலை திரும்ப திறக்க சொன்னார். 2005 ஏப்ரல்ல சிக்லூனாங்கிற மூத்த குருவை நியூயார்க்குக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்பி ஒவ்வொருத்தரா உக்கார வச்சு வாக்குமூலம் எடுத்தாங்க, அதே மாசம் இவர் போப் ஆயிட்டார், 2006 மே மாசம் மாசியேல் இனிமே வெளியில பூசை வைக்கக் கூடாது, ஜெபம் தவம்னு ஒதுங்கணும்னு உத்தரவு வந்துச்சு. குருப்பட்டத்தை பறிச்சு இன்னும் கடுமையா பண்ணியிருக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா யாரும் தொட முடியாதுன்னு இருந்த ஆளை தொட்டது யாரு? மூடி மறைக்கறவன் மூடின ஃபைலை எடுத்து திறப்பானா?

அப்புறம் 2008ல வாஷிங்டன், சிட்னி, 2010ல மால்டா, பாதிக்கப்பட்டவங்களை நேர்ல பார்த்தார். கேமரா இல்ல, பிரஸ் இல்ல. 2010 மார்ச்ல அயர்லாந்து மக்களுக்கு எழுதின லெட்டர்ல "நீங்க கொடுமையா கஷ்டப்பட்டிருக்கீங்க, நான் உண்மையிலேயே வருந்துறேன்"னு எழுதிட்டு, அங்க இருந்த ஆயர்களையும் பேரளவுக்கு இல்லாம நேராவே கண்டிச்சார். போர்ச்சுகல் போற ஃப்ளைட்ல ரிப்போர்ட்டர்ஸ் கேட்டப்ப, சபைக்கு பெரிய துன்பம் வெளி எதிரிங்ககிட்ட இருந்து இல்ல, உள்ள இருக்கற பாவத்துல இருந்துதான் வருதுன்னு சொன்னார். மீடியா மேல பழி போட அவருக்கே மனசு வரல, நாம ஏன் போடணும்? 2011, 2012 ரெண்டு வருஷத்துல மட்டும் 384 பேரோட குருத்துவ நிலையை எடுத்திருக்காங்க, இது வாடிகன் கணக்கை வச்சு அசோசியேட்டட் பிரஸ் போட்ட செய்தி. அதே மீடியாதான்.

இப்ப கஷ்டமான இடம். ஜெர்மனில இருக்கற மியூனிக். 1977ல இருந்து 82 வரைக்கும் அவர் அங்க பேராயர். 1980 ஜனவரில எஸ்சென்ங்கிற இன்னொரு ஜெர்மன் மறைமாவட்டத்துல இருந்து, புகார் இருந்த ஒரு குருவை சிகிச்சைக்குன்னு மியூனிக்குக்கு எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் பங்குலயும் வேலை குடுத்தாங்க, 1986ல கோர்ட் அவருக்கு தண்டனை குடுத்துச்சு. 2022ல வக்கீல்கள் குடுத்த அறிக்கை நாலு கேஸ்ல ராட்சிங்கர் சரியா நடவடிக்கை எடுக்கலன்னு சொல்லுச்சு. அந்த 1980 மீட்டிங்ல நான் இல்லன்னு முதல்ல பதில் போச்சு, சில நாள்லயே இல்ல இருந்தேன்னு திருத்தினாங்க, பதிலை தொகுக்கும்போது வந்த பிழைன்னு சொன்னாங்க. அந்த குருவோட குற்றம் பத்தி அங்க பேசலன்னு அவர் தரப்பு சொல்லுது. நான் அவரை நம்புறேன், ஆனா "ஒரு தப்பும் நடக்கல"ன்னு நான் சொல்ல மாட்டேன், அவரே அப்படி சொல்லல. 2022 பிப்ரவரில, 94 வயசுல, லெட்டர் எழுதினார். மூடி மறைச்சேன்னு அதுல ஒத்துக்கல, ஆனா பூசைல நாம நெஞ்சுல தட்டிக்கிட்டு சொல்றோம்ல, என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே, அதைச் சொல்லி வெட்கம், வேதனைன்னு எழுதி மன்னிப்பு கேட்டார். அந்த வருஷம் டிசம்பர் 31 இறந்தார்.

அதனால சிஸ்டர், நாளைக்கு லஞ்ச்ல அந்த நண்பர் திரும்ப ஆரம்பிச்சா, மியூனிக்கை நீங்களே முதல்ல சொல்லிடுங்க, அவர் வாயில இருந்து வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அதுக்கப்புறம் மாசியேல் ஃபைலை சொல்லுங்க, அவர் கேப்பார். அடுத்து ஒருத்தர் சாம்பல் புதன் நோன்பு பத்தி கேட்டிருக்கார்...