துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு சட்டம் கேட்கும் கணக்கு

[திரையில்: தூத்துக்குடி, 2018 மே 22]

போலீஸ் வேனின் மேல் ஒருவர் குனிந்து குறி பார்க்கிறார். சீருடை இல்லை, சாதாரண உடை. கையில் நீளத் துப்பாக்கி. இந்தக் காட்சியை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம்.

ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் 100-வது நாள் அது. மக்கள் மனு கொடுக்க கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்த ஒரு பெண்ணும் அதில் ஒருத்தி.

சரி, கூட்டத்தைச் சுட போலீசுக்கு அதிகாரம் உண்டா? உண்டு, ஆனால் வேறு வழியே இல்லாதபோது மட்டும். முதலில் எச்சரிக்கை, அப்புறம் கண்ணீர்ப்புகை, தடியடி. சுட்டே தீர வேண்டுமென்றாலும் இடுப்புக்குக் கீழே. ஓடுகிறவன் முதுகில் சுட எந்த விதியிலும் இடமில்லை.

[திரையில்: உச்ச நீதிமன்றம், 2014]

போலீஸ் சுட்டு யாராவது இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்கவுன்டர் என்றால் இன்னும் கறார். எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சுட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது. சுட்டவர் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். கையோடு பதவி உயர்வும் விருதும் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை எழுத வேண்டி வந்ததே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

தூத்துக்குடியை விசாரித்தது ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம். 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. தப்பி ஓடியவர்களையும் மறைவிடத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்றது. ஐ.ஜி. முதல் கான்ஸ்டபிள் வரை 17 போலீசார் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறோம். ஆணையத்தின் அறிக்கை தீர்ப்பு இல்லை. 1952-ம் வருட விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அது பரிந்துரை மட்டுமே. யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டுமென்றால் தனியாகக் குற்ற வழக்கு வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு பூட்டு தொங்குகிறது. கூட்டத்தைக் கலைக்கச் சுட்டதாகச் சொல்லும் போலீஸ்காரர் மேல் வழக்கு நடத்த மாநில அரசின் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 132, அதன் இடத்தில் வந்த புதியதில் 151.

அந்தப் பூட்டின் சாவி, சுட்டவருக்குச் சம்பளம் கொடுக்கும் அதே அரசின் கையில் இருக்கிறது.